கிளாஸை அளப்பதா, சிஸ்டத்தை அளப்பதா?

டேட்டாவையும் அதைக் கையாளும் மெத்தட்களையும் கிளாஸ் கிளாஸாகப் பிரித்து ப்ரோக்ராம் எழுதும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் வடிவமைப்பின் தரத்தை எண்ணில் பிடிக்க மூன்று அளவீட்டுத் தொகுப்புகள் போட்டி போடுகின்றன. சிதம்பர், கெமரர் இருவரும் 1994இல் வெளியிட்ட சிகே, பிரிட்டோ இ அப்ரூ தொண்ணூறுகளில் முன்வைத்த மூட், பன்சியாவும் டேவிஸும் 2002இல் தந்த கியூமூட்.

சிகே ஒவ்வொரு கிளாஸாக அளக்கிறது. மூட் மொத்த சிஸ்டத்துக்கும் சேர்த்து 0 முதல் 1 வரையிலான விகிதங்களைச் சொல்கிறது. இதனால் என்ன ஆகிறது? 100 கிளாஸ் உள்ள ஒரு ப்ரோக்ராமில், ஒரே ஒரு கிளாஸ் மட்டும் மற்ற 99ஐயும் கூப்பிடுகிறது, வேறு பிணைப்பே இல்லை என்று வையுங்கள். இருக்கக்கூடிய பிணைப்புகள் 9,900, இருப்பவை 99. மூட் கணக்கில் பிணைப்பு 0.01, பார்க்க அழகாக இருக்கும். ஒரு கிளாஸ் எத்தனை கிளாஸ்களோடு பிணைந்திருக்கிறது என்று எண்ணும் சிகேயின் சிபிஓ, அந்தக் கிளாஸுக்கு 99 என்று காட்டிக்கொடுத்துவிடும். எந்த ஃபைலைத் திறப்பது என்று தெரிய வேண்டியவருக்கு இந்த எண்தான் உதவும்.

அதற்காக சிகே முழுவதும் நம்பகமானது என்றில்லை. மெத்தட்களின் ஒட்டுறவின்மையை அளக்கும் அதன் எல்காமைப் பாருங்கள். நான்கு ஃபீல்டு (கிளாஸ் வைத்திருக்கும் மதிப்புகள்), ஒவ்வொன்றையும் படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர்: எட்டு மெத்தட், 28 ஜோடி. ஃபீல்டைப் பகிர்பவை 4, பகிராதவை 24. பகிராததிலிருந்து பகிர்வதைக் கழித்தால் (மைனஸ் வந்தால் பூஜ்யம்) எல்காம் 20, எண் ஏற ஏற ஒட்டுறவு குறைவு என்று பொருள்! யாருக்கும் தொல்லை தராத சாதாரண டேட்டா கிளாஸுக்குக் கிடைத்த பட்டம் இது. இன்னொரு கிளாஸில் எல்லா மெத்தடும் பதிவெழுத வைத்திருக்கும் ஒரே லாகர் ஃபீல்டைத் தொட்டால் போதும், உள்ளே என்ன குப்பை இருந்தாலும் எல்காம் பூஜ்யம்தான்.

கியூமூட் ஒரு படி மேலே போய், மறுபயன்பாடு, நெகிழ்வு என்று ஆறு தரங்களுக்கு மதிப்பெண்ணே போடுகிறது. மறுபயன்பாட்டுச் சூத்திரத்தில் வடிவமைப்பின் அளவுக்கு +0.5 எடை, பிணைப்புக்கு −0.25. அதாவது கிளாஸ்களைக் கூட்டினாலே மதிப்பெண் ஏறும். ஒரே மென்பொருளின் அடுத்தடுத்த வெர்ஷன்களை ஒப்பிடச் சரி, இரண்டு வேறு ப்ராஜெக்ட்களை ஒப்பிட வேண்டாம்.

அப்புறம், எல் எமாம் குழு 2001இல் காட்டிய சங்கடம் ஒன்று: கிளாஸின் அளவைக் கணக்கில் சேர்த்ததும், சிகே எண்களுக்கும் பிழைகளுக்கும் தெரிந்த தொடர்பு மறைந்துபோனது. பெரிய கிளாஸில் எல்லாமே அதிகம், பிழையும்தான்.

என்னிடம் விட்டால் சிபிஓவையும் வரி எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். சின்னதாக இருந்தும் சிபிஓ எகிறும் கிளாஸை முதலில் திறப்பேன். எல்காம் நெடுவரிசையை ரிப்போர்ட்டிலிருந்தே தூக்கிவிடுவேன்.