ட்வின் பீக்ஸ்: பல வருடம் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு

கொலைகாரன் யார் என்பதைச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. வாஷிங்டன் மாநிலத்தில் மரம் அறுக்கும் ஆலையை நம்பிப் பிழைக்கிற ஒரு சின்ன ஊர். ஒரு காலையில் லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கரையொதுங்குகிறது. துப்புத் துலக்க எஃப்.பி.ஐ.யிலிருந்து டேல் கூப்பர் வருகிறார். 1991 ஜூனோடு 30 எபிசோடுகளில் நின்றுவிட்டது. 1992இல் ஒரு படம் வந்தது. அப்புறம் 25 வருடம் கழித்து, 2017இல், ஷோடைம் சேனலில் 18 பகுதிகள். மொத்தமும் இவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் இதைப் பற்றிய பேச்சு இன்னும் அடங்கவில்லை.

காரைக்குடியில் அயித்தை வீட்டுப் பட்டாலையில்தான் பெரும்பாலும் பார்ப்போம். பங்காளிகள் பலரும் வெளியூரில் இருப்பதால் வீடு காலியாக இருக்கும். எவ்வளவு சத்தம் வைத்தாலும் கேட்க ஆளில்லை. டிஸ்க்குகளை அண்ணன் மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தான். அயித்தைக்கு ஆங்கிலம் வராது. அதனால் முக்கியமான இடங்களில் நிறுத்தி, யார் என்ன பேசினார்கள் என்று தமிழில் சொல்ல வேண்டும். வேறு எந்தத் தொடரை இப்படிப் பார்த்தாலும் எரிச்சல்தான் வரும். இதற்கு அந்த நிறுத்தம் பொருந்துகிறது. நிறுத்தி வைத்த காட்சியில் கண் அலைந்து, ஓட்டத்தில் தவறவிட்டதை எல்லாம் பிடித்துவிடுகிறது.

முதல் எபிசோடின் கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். லாராவின் அம்மா சாரா சோபாவில் எழுந்து உட்கார்ந்து அலறுகிறாள். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடி. அதற்குள் ஒரு ஆளின் முகம் லேசாகத் தெரியும். அவர் ஃப்ராங்க் சில்வா, படப்பிடிப்பில் செட் அலங்கார வேலை பார்த்தவர். தெரியாமல் கேமராவில் விழுந்துவிட்டார். காட்சியை மறுபடி எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது லிஞ்ச் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். தொடரின் மையத் தீமையான ‘பாப்’ என்ற உருவத்துக்கு சில்வாவையே நடிக்கவும் வைத்தார். அந்தக் காட்சியில் நிறுத்தி அயித்தைக்குக் காட்டியபோது, “ஆளு வீட்டுக்குள்ளதான் இருக்கான்னு அப்பவே சொல்லியாச்சேப்பா” என்றார். கதையின் விடையே அதுதான்.

லாராவைக் கொன்றது அவள் அப்பா லீலண்ட். இரண்டாம் சீசனின் முதல் பாதியில், 1990 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பான எபிசோடில் இது தெரியவரும். சேனல் நெருக்கியதால்தான் அவ்வளவு சீக்கிரம் உடைத்தார்கள். அந்த மர்மத்தை அவிழ்த்திருக்கவே கூடாது என்பது லிஞ்ச்சின் எண்ணம். எனக்கு இதில் உடன்பாடில்லை. விடை தெரிந்த பிறகுதான் உண்மையான கேள்வியே ஆரம்பிக்கிறது. லீலண்டுக்குள் பாப் புகுந்திருக்கிறது. சின்னப் பையனாக இருக்கும்போதே அதற்கு இடம் கொடுத்துவிட்டதாக, சாகும் நேரத்தில் அவனே சொல்கிறான். சரி, அப்படியானால் குற்றம் யாருடையது?

இதைச் சும்மா வாதத்துக்காகப் பேசுகிற ஊர் இல்லை எங்கள் ஊர். கருப்பர் கோவிலில் சாமியாடி அரிவாள்மேல் ஏறி நின்று வாக்குச் சொல்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சாமி மலையேறியதும் அதே ஆள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என்ன சொன்னேன் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு பார்க்கும்போது லீலண்ட் முதலில் பரிதாபமாகத்தான் தெரிகிறான். சிறைக் கொட்டடியில் மேலிருந்து தண்ணீர் கொட்ட, கூப்பர் மடியில் தலை வைத்து அவன் சாகிற காட்சியில் நாங்கள் எல்லோருமே கலங்கினோம். பாப் போய்விட்டது, மனுஷன் மிஞ்சினான் என்றே நினைத்தோம்.

அயித்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “சாமி வந்தா ஊருக்கே தெரிய வரும். கூட்டத்துக்கு நடுவுல வரும். கதவைச் சாத்திக்கிட்டு ராத்திரி பிள்ளை அறைக்கு வர்றது சாமியுமில்ல, பேயுமில்ல” என்றார். அண்ணன் மகன் விடவில்லை. “ஆச்சி, அவன் கண்ணாடியில பார்த்தா பாப் தெரியுதே, அவனுக்கே தெரியாம நடக்குது” என்று எபிசோடைப் பின்னால் ஓட்டிக் காட்டினான். இருவருக்குமே ஆதாரம் இருந்தது. கூப்பரும் மற்றவர்களும் காட்டில் நின்று பேசிக்கொள்ளும் காட்சியிலும் இதே வாதம்தான். ஒரு தகப்பன் சொந்த மகளை இப்படிச் செய்தான் என்பதைவிட ஏதோ ஒரு ஆவி செய்தது என்று நம்புவது மனசுக்குச் சுலபமா என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். மனிதர்கள் செய்யும் தீமைக்கே பாப் என்று பேர் இருக்கலாம் என்கிறான் கூப்பரின் எஃப்.பி.ஐ. சகா ஆல்பர்ட்.

என்னைப் பொறுத்தவரை இதற்கு விடை 1992 படத்தில் இருக்கிறது. படம் லாராவின் கடைசி நாட்களைக் காட்டுவது. ரயில் பெட்டியில், கொலைக்குச் சற்று முன்னால், அது நான்தான் என்று உனக்கு எப்போதும் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்ற பொருளில் லீலண்ட் மகளிடம் சொல்கிறான். அந்த ஒரு வரி போதும். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜைக் காட்சி ஒன்று: லாராவின் கையைப் பிடித்து, நகத்தடியில் அழுக்கு இருக்கிறது, கழுவிவிட்டு வா என்று மிரட்டுகிறான். அன்றிரவே அழுதுகொண்டு போய் அவளிடம் அன்பாகப் பேசுகிறான். அங்கே பாப் முகம் வருவதே இல்லை. வெறும் அப்பாதான். முதல் தடவை பார்த்தபோது அது சாதாரணக் குடும்பச் சண்டை போலக் கடந்துபோனது. திரும்பப் பார்க்கும்போது படத்திலேயே தாங்க முடியாத இடம் அதுதான். அந்த வரியைத் தமிழில் சொன்ன பிறகு அயித்தை அன்றைக்கு மேற்கொண்டு பார்க்கவில்லை.

நாகா இயக்கிய மர்மதேசத்தைச் சன் டிவியில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த இழுபறி புதிதல்ல. ‘விடாது கருப்பு’ம் சாமியா மனநோயா என்ற இடத்தில்தான் நின்றது. அதற்கு ஒரு விளக்கமும் கிடைத்தது. ட்வின் பீக்ஸ் இரண்டு கதவையும் திறந்தே வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறது. லாரா பால்மர் தொடரில் பிணமாகவே வந்தவள். படத்தில் முழு ஆளாகிறாள். லாராவாக வரும் ஷெரில் லீயின் நடிப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

வெள்ளைக் குதிரை விஷயத்தில் எங்களுக்குள் முடிவே வரவில்லை. லீலண்ட் அடுத்த கொலையைச் செய்கிற இரவில், சாரா மாடிப்படியில் தவழ்ந்து இறங்கிக் கூடத்துக்கு வருகிறாள். அங்கே ஒரு வெள்ளைக் குதிரை விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் நின்று மறைகிறது. படத்திலும் வருகிறது. மருந்து கலந்து கொடுக்கப்பட்ட மயக்கம், அவ்வளவுதான் என்பது அண்ணன் மகனின் கட்சி. அயித்தைக்கு அது ஏறவே இல்லை. புரவி எடுப்பில் மண் குதிரையைத் தோளில் சுமந்து ஐயனார் கோவிலுக்குக் கொண்டுபோவதைப் பார்த்தவர் அவர். குதிரை நின்றால் காவலுக்கு ஆள் வந்தாயிற்று என்றுதான் பொருள். “வந்தும் ஏன் சும்மா நின்னுச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். 2017 தொடரின் எட்டாம் பகுதியில், ரேடியோ நிலையத்துக்குள் புகுகிற கரி பூசிய ஆள் திரும்பத் திரும்பச் சொல்லும் வரியிலும் குதிரை வருகிறது, கண்ணின் வெண்மையாக. அதைச் சேர்த்துப் பார்த்தால் சாரா கண்ணால் கண்டும் காணாமல் இருந்ததுதான் குதிரை என்று எனக்குப் படுகிறது. வீட்டில் நடப்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியை ஒரு மிருகத்தை நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். அயித்தை இதையும் முழுசாக ஏற்கவில்லை.

இப்படி நிஜமாகவே தலையைப் பிய்த்துக்கொள்ளத் தகுந்த கேள்விகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கதைக்குள் விடையே இல்லாத கேள்விகள். பல வருடம் பார்த்ததில் இவற்றைப் பிரித்துவைக்கக் கற்றுக்கொண்டோம். ஷெரிஃப் ஹேரி ட்ரூமன் 2017இல் ஏன் வரவில்லை? நடிகர் மைக்கேல் ஆன்ட்கீன் வரவில்லை, அதனால் அண்ணன் ஃப்ராங்க் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். படத்தில் காணாமல்போன எஃப்.பி.ஐ. ஆளாக வந்த ஃபிலிப் ஜெஃப்ரீஸ் ஏன் 2017இல் ஆவி விடும் பெரிய கெண்டி மாதிரி ஒரு இயந்திரமாகிவிட்டார்? அவராக நடித்த டேவிட் போவி 2016 ஜனவரியில் இறந்துவிட்டார். படத்தில் லாராவின் தோழி டோனாவின் முகம் ஏன் மாறியது? நடிகை மாறிவிட்டார். இவற்றுக்கெல்லாம் ஆழமான குறியீடு தேடி ராத்திரியைக் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் எப்போதும் கையில் ஒரு மரக்கட்டையோடு வரும் கட்டையம்மாவாக நடித்த கேத்தரின் கூல்சன் காட்சிகள் வேறு மாதிரி. அவர் 2015இல் இறப்பதற்குச் சற்று முன்னால் எடுத்தவை அவை. பாத்திரமும் சாகப்போகிறது, நடிப்பவரும். தொலைபேசியில் ஊர்ப் போலீஸ்காரர் ஹாக்கிடம் விடைபெறும் காட்சியில் எது கதை, எது நிஜம் என்று பிரிக்கவே தோன்றாது.

உண்மையான குறை என்று நான் சொல்வது கூப்பரின் காதலி ஆனி. 1991இன் கடைசிக் காட்சியில் கூப்பரின் உருவில் வெளியே வந்த தீயவன் கண்ணாடியில் தலையை மோதிக்கொண்டு, ஆனி எப்படி இருக்கிறாள் என்று கேட்டுச் சிரிக்கிறான். ஜனங்கள் 25 வருடம் சுமந்த கேள்வி அது. 2017இல் அவளைப் பற்றி வருவதெல்லாம் லாராவின் நாட்குறிப்பிலிருந்து கிழிந்த தாள்களில் ஒரு பேச்சு, அவ்வளவே. ஃப்ராஸ்ட் அதே வருடம் எழுதிய புத்தகத்தில் அவள் கதி சொல்லப்படுகிறது. திரையில் கேட்ட கேள்விக்குத் திரையில்தான் பதில் வர வேண்டும். பதில் வேண்டாம் என்றால் அவளை யாராவது ஒருவர் நினைத்தாவது பார்த்திருக்க வேண்டும். ஊர் ஹோட்டல் முதலாளியின் மகள் ஆட்ரி விஷயம் அப்படியில்லை. ரோட்ஹவுஸ் என்ற ஊர் மதுக்கடையில் தன் பழைய இசைக்கு ஆடி, திடீரென்று வெள்ளை அறையில் கண்ணாடி முன்னால் விழித்துக்கொள்கிறாள். எங்கே இருக்கிறாள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் திகைப்பு முழுமையாக இருக்கிறது. அதில் எனக்குப் புகார் இல்லை.

முடிவைப் பற்றி. கூப்பர் காலத்தில் பின்னோக்கிப் போய், லாரா சாகும் இரவில் காட்டுக்குள் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார். கரையில் கிடந்த பிணம் மறைந்துவிடுகிறது. அதோடு முடித்திருந்தால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். முடிக்கவில்லை. கை நழுவுகிறது, அவள் காணாமல் போகிறாள். பிறகு டெக்சாஸில் கேரி பேஜ் என்ற பெயரில் லாராவின் முகத்தோடு ஒருத்தி கிடைக்கிறாள். அவளைக் காரில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓட்டி, பால்மர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறார். கதவைத் திறப்பது வேறு யாரோ. லாராவின் அம்மாவை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெருவில் நின்று, இது எந்த வருடம் என்று கூப்பர் கேட்கிறார். எங்கிருந்தோ லாரா என்று கூப்பிடும் குரல், அவள் அலறல், வீட்டில் விளக்கெல்லாம் அணைகிறது.

அண்ணன் மகன் இதற்குக் காலக்கோடு வரைந்து, எந்த உலகம் எதிலிருந்து பிரிந்தது என்று நோட்டில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறான். உழைப்பு பெரிசு, ஆனால் அந்த வழியில் போனால் அலறலுக்கு இடமே இல்லாமல் போகிறது. அயித்தை சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: “பிள்ளைக்குக் கொடுமை நடந்த வீட்டு வாசல்ல மறுபடி கொண்டாந்து நிறுத்தினா அது கத்தாம என்ன செய்யும்? அந்த ஆளு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?” கேட்கவில்லை. கூப்பரை இவ்வளவு வருடம் நேசித்துவிட்டு இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. லாராவைக் காப்பாற்றுவதைவிட வழக்கை முடிப்பதில்தான் அவர் குறியாக இருந்தாரோ என்று கடைசி இரண்டு பகுதிகளைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது. 2025 ஜனவரியில் லிஞ்ச் இறந்தார். அந்தக் கையால் இதற்கு இனி விளக்கம் வராது.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஒளிபரப்பான வரிசையிலேயே பாருங்கள். படம் முன்கதை என்பதால் முதலில் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், எல்லாம் கெட்டுவிடும். 2017 தொடருக்கு முன்னால் அதைத் தவறவும் விடாதீர்கள். கொலைகாரன் பிடிபட்ட பிறகு இரண்டாம் சீசன் கொஞ்ச தூரம் தொய்வுதான். லாராவின் ரகசியக் காதலன் ஜேம்ஸ் பைக்கில் ஊரை விட்டுப் போய் மாட்டிக்கொள்ளும் கிளைக்கதையை ஓட்டிவிடலாம், நஷ்டமில்லை. கடைசி எபிசோடை லிஞ்ச்சே இயக்கியிருக்கிறார், அதற்காகவே பொறுத்துக்கொள்ளலாம். 2017இல் பொறுமை அதிகம் வேண்டும். கூப்பர் கூப்பராக விழிப்பதற்கே பதினாறாம் பகுதி ஆகிவிடும். ஏழாம் பகுதியில் ஒருவர் ரோட்ஹவுஸ் தரையை நிமிடக்கணக்கில் கூட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் அதை ஆர்வமாகப் பார்த்தது அயித்தை ஒருவர்தான். சத்தம் மிகவும் முக்கியம். சுவருக்குள் ஒரு முனகல், மின்கம்பத்தில் ஒரு இரைச்சல் என்று பாதிக் கதை காதுக்குத்தான். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடினால் அந்த இரைச்சலோடு இன்வெர்ட்டர் சத்தமும் கலந்துவிடும். அப்படிப் பட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். வயதுக்கு வராத பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். படத்தை நிச்சயமாக வேண்டாம்.