‘ஹோம்’ என்று நம்பிச் சேர்த்தோம், மூன்றாம் நாள் ஜி.ஹெச்.சில் கிடந்தார்

அக்கா வீட்டுக்காரர் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இருபது வருடக் குடி. கடைசி இரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் பல் விளக்கவே பிரஷ்ஷைப் பிடிக்க முடியும். அந்த நடுக்கத்தைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும். நாங்களோ, பழக்கம் முற்றிவிட்டது, எங்கேயாவது அடைத்துப் போட்டால் சரியாகும் என்று இருந்தோம்.

தெரிந்தவர் ஒருவர் ஒரு குடிமீட்பு ‘ஹோம்’ சொன்னார். மாதம் 15,000. மூன்று மாதப் பணம் 45,000 முன்கூட்டியே கட்ட வேண்டும், வண்டி வாடகை தனி. டிரஸ்ட் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அதைத்தான் லைசென்ஸ் என்று நினைத்துவிட்டேன். டாக்டர் உண்டா என்று கேட்டதற்கு, “வாரத்துக்கு ஒருக்கா வருவாருங்க” என்றார் பொறுப்பாளர். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்குமா என்றேன். “மாலை போட்டப்ப 48 நாள் குடிக்காம இருந்தாருன்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லாம் மனசுதானுங்க.” சரியாகத்தான் பட்டது. மாமா கடைசியாக மலைக்குப் போனது எட்டு வருடம் முன்னால், காலை நடுக்கம் வராத காலத்தில் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு நாலு பேர் வண்டியில் வந்து தூக்கிப் போனார்கள். அக்கா கொடுத்த துணிப்பையைக்கூட வாங்கவில்லை. 21 நாள் பார்க்கக்கூடாது, போன் பேசக்கூடாது. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் மாமா கடைசியாகக் குடித்திருந்தார்.

செவ்வாய் மதியம் போன். “பிட்ஸ் வந்துடுச்சுங்க, ஜி.ஹெச்.சுக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்.” போய்ச் சேர்வதற்குள் கூட்டி வந்தவர்களைக் காணோம். மாமாவுக்குத் தலையை மொட்டையடித்திருந்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த தடம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் கண்ணுக்கு நேராகப் பிடிப்பார், சுருக்குவார், மறுபடி விரிப்பார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பட்டறையில் பிடிக்கிற வெர்னியர் அளவுகோலில் அளவு பார்த்துக்கொண்டிருக்கிறார். “ரெண்டு பாயின்ட் ஏறுது, கழட்டு, கழட்டு” என்று யாரையோ அதட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அக்கா வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். “கடைசியா எப்ப குடிச்சார்?” என்பதுதான் முதல் கேள்வி. ‘ஹோம்’காரர்கள் மூன்று நாளில் ஒருமுறையாவது கேட்டிருப்பார்களா தெரியவில்லை. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போட்டார். அந்த பி1 சத்து இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மூளைக்கே பாதிப்பு வரலாமாம். மூளையை அமைதிப்படுத்தும் மருந்துகளில், கல்லீரல் மோசமாக இருந்ததால் லோராசிபம். மற்றவர்களுக்கு டயசிபம், குளோர்டயசிபாக்சைடு மாதிரி மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்களாம்.

எனக்குப் புரிகிற மாதிரியும் சொன்னார். மது மூளையை அமுக்கும். தினமும் குடிப்பவரின் மூளை அதை எதிர்த்து முடுக்கத்திலேயே இருந்து பழகிவிடும். அமுக்கம் ஒரே நாளில் போனால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. பிட்ஸ் வருவது பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இந்தப் பிதற்றல், அதில் உயிரே போகலாம். எல்லோருக்கும் இப்படி ஆகாது. லேசாக இருந்தால் டாக்டர் சொன்னபடி வீட்டிலேயே மாத்திரையில் சமாளிப்பவர்களும் உண்டு. காலை நடுக்கம் உள்ளவரை, முன்பு பிட்ஸ் வந்தவரை அப்படி விடக்கூடாது. மனசு, சத்தியம், கவுன்சிலிங் எல்லாம் அந்த வாரம் தாண்டிய பிறகு.

ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். இப்போது மாதம் ஒருமுறை மனநல ஓ.பி.க்குப் போகிறார். நடுவில் ஒருமுறை குடித்தார், மறைக்காமல் டாக்டரிடம் சொன்னார்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் குடி, போதைப் பிரச்சினையும் வருகிறது. இப்படி ஆட்களைச் சேர்த்து வைக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். டிரஸ்ட் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. கட்டாயமாக மொட்டையடிப்பதும் சங்கிலியில் கட்டுவதும் குற்றம். தவிர்க்கவே முடியாமல் கட்டுவதென்றாலும் மனநல மருத்துவர் அனுமதி வேண்டும். ஆகவே சேர்க்கும் முன் அந்தப் பதிவு நம்பரைக் கேளுங்கள். முதல் ஐந்து ராத்திரி யார் பக்கத்தில் இருப்பார்கள், நர்ஸா, சாவிக்கொத்து வைத்திருப்பவரா என்று கேளுங்கள். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மனஸ் என்ற மனநல உதவி எண். இரண்டும் இலவசம்.

பணத்தைக் கேட்கப் போனேன். திருப்பித் தரமாட்டார்களாம், நான் போட்ட கையெழுத்துக்கு மேலேயே அச்சடித்திருக்கிறது. போன வாரம் பொறுப்பாளரே கூப்பிட்டார். மாமா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. “உங்க கணக்குல இன்னும் 87 நாள் இருக்குதுங்க. சொந்தக்காரங்க வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.”