முதலெழுத்துப் பாட்டு விளையாட்டுக்கு ஜப்பானியக் கரோக்கி அறை எவ்வளவு உதவும்?

ஜப்பானில் கரோக்கி அறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பிடித்த பாட்டைப் பாடிவிட்டுத் திரும்புவதற்காக மட்டும் போவதில்லை. நான்கைந்து பேர் கூடி, 'ச' என்றோ 'அ' என்றோ ஓர் எழுத்தைக் குறித்துக்கொண்டு, அந்த எழுத்தில் தலைப்புத் தொடங்கும் பாட்டுகளையே முறைவைத்துப் பாடுவதும், பாட்டுக் கிடைக்காதவர் ஆட்டத்திலிருந்து விலகுவதும் அங்கே பழகிப்போன பொழுதுபோக்கு. இப்படி ஒரு நிபந்தனைக்கு உட்பட்டுப் பாடுவதை 'ஷிபாரி' என்கிறார்கள். அதன் இன்னொரு வடிவம் 'ஷிரிதோரி': ஒருவர் பாடிய பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் தலைப்பை அடுத்தவர் எடுக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு விதி உடனே பிடிபட்டுவிடும். ஆனால் இங்கே கணக்கில் வருவது பாடி நிறுத்திய வரியல்ல, தலைப்பு. டோக்கியோவில், பல ஊர்களிலும் கிளை வைத்திருக்கும் ஒரு கரோக்கி நிலையத்துக்கு நண்பர்களோடு இதற்காகவே போய் வருகிறவன் என்ற முறையில், அந்த அறையும், குறிப்பாக மேசைமேல் வைத்திருக்கும் தேடுபலகையும் இந்த விளையாட்டுக்கு எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்பதை மட்டும் எழுதுகிறேன். ஒலிபெருக்கி நன்றாகவே இருக்கிறது. தின்பண்டங்களைப் பற்றிச் சொல்வதற்கு எதுவும் இல்லை.

தேடுபலகை என்று நான் சொல்வது, பாட்டைத் தேடி எடுத்து இயந்திரத்துக்கு அனுப்பும் தொடுதிரைக் கருவியை. ஜப்பானிய அறைகளில் பெரும்பாலும் 'ஜாய்சவுண்டு' (JOYSOUND), 'தாம்' (DAM) என்ற இரண்டு கரோக்கி இயந்திர முறைகளில் ஒன்றுதான் இருக்கும். முன்னது 1992-இலும் பின்னது 1994-இலும் வந்தவை. அதற்கு முன்பு லேசர் வட்டில் இருந்த பாட்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது; கம்பிவழியே பாட்டை வரவழைக்கும் முறை வந்த பிறகு எண்ணிக்கை பெருகி, இன்று ஒவ்வொன்றிலும் 2 லட்சத்துக்கும் அதிகமான பாட்டுகள் உள்ளன. தேடுபலகை பரவும் வரை ஒவ்வோர் அறையிலும் தலையணை பருமனுக்கு ஒரு பாட்டுப் பட்டியல் புத்தகம் கிடந்தது. தலைப்புகள் அதில் எழுத்து வரிசையில் அச்சாகியிருக்கும். பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்துக் கையியக்கியில் அழுத்துவார்கள். அந்தப் புத்தகத்தை இப்போது காண்பது அரிது.

இந்த விளையாட்டைப் பொறுத்தவரை அது இழப்பு என்பதுதான் என் முதல் புகார். தேடுபலகை, என்ன பாடப் போகிறோம் என்பதை ஏற்கெனவே அறிந்தவருக்குப் பிரமாதமான கருவி: தலைப்பைக் கொண்டும், பாடகர் பெயரைக் கொண்டும் தேடலாம். முதலெழுத்து விளையாட்டில் இருப்பவரோ, எந்தப் பாட்டு என்று தெரியாமல், எழுத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் 'ச' என்ற ஓர் எழுத்தை மட்டும் இட்டால், யாரும் கேட்டிராத பாட்டுகளும் உள்ளிட்ட நெடும்பட்டியல் ஒன்று வரிசைப்படி வந்து நிற்கிறது. அதில் தெரிந்த பாட்டு தட்டுப்படும் வரை திரையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரித்தால் நூற்றுக்கணக்கான தலைப்புகள் ஒரே பார்வையில் கண்ணில் படும். பக்கத்தில் இருப்பவரும் எட்டிப் பார்த்துச் சண்டை பிடிக்கலாம்.

ஆனால் எழுத்து வரிசை தமிழருக்குச் சாதகமானது. 46 அடிப்படை எழுத்துகள் கொண்ட ஜப்பானிய வரிசை, வடமொழி எழுத்துமுறையைக் கற்ற பௌத்தத் துறவிகளின் வழியாக உருப்பெற்றது என்பதால், உயிரெழுத்துகள் அ, இ, உ, எ, ஒ என்றும், மெய்கள் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்றும் செல்கின்றன. நம் நெடுங்கணக்கை மனத்தில் வைத்திருப்பவர் பலகையில் எழுத்தைத் தேடித் தடுமாற வேண்டியதில்லை. ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ இருப்பது மட்டும் முதலில் உறுத்தும். அந்த ஒலியே முற்காலத்தில் பகரமாக இருந்தது என்று அறிந்தால் உறுத்தல் போய்விடும்.

எழுத்துக்கு எழுத்து ஆட்டத்தின் தன்மை மாறுகிறது. 'ச' எடுத்தால் செர்ரிப் பூவைப் பற்றிய பாட்டுகள் படையெடுக்கின்றன: புக்குயாமா மசாஹாருவின் 'சகுராசக்கா' (2000), மொரியாமா நாவோதாரோவின் 'சகுரா' (2003), கொபுக்குரோவின் 'சகுரா' (2005), இக்கிமோனோகக்காரியின் 'சகுரா' (2006) என்று நீளும் இந்த வரிசையை அப்படியே விட்டால், ஆட்டம் ஒரே சொல்லைச் சுற்றி வரும். எனவே தலைப்பின் முதற்சொல் திரும்ப வரக்கூடாது என்று எங்கள் கூட்டம் விதி வைத்திருக்கிறது. ஓட்சுக்கா ஆயின் 'சகுரம்போ' (2003) செர்ரிப் பழத்தைக் குறிப்பதால் தனிச்சொல் என்று தீர்ப்பாகியிருக்கிறது. அதற்குப் பிறகும் ஆஃப் கோர்ஸின் 'சயோநாரா' (1979), போர்னோ கிராஃபிட்டியின் 'சவுதாஜி' (2000) என்று தாராளமாகக் கிடைக்கும் எழுத்து இது. புதிதாக ஆடுகிறவர்களுக்கு இதையே கொடுக்கலாம்.

தலைப்பின் எழுத்துருவை நம்பி இறங்குவதும் ஆபத்து. யாமாகுச்சி மொமோயேயின் 1977-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று 'இலையுதிர்காலம்', 'செர்ரி' என்ற இரண்டு சீன எழுத்துகளால் எழுதப்படுகிறது. ஆனால் அதை 'கொசுமோசு' என்று படிக்க வேண்டும். சகரத்திலோ அகரத்திலோ அதைத் தேடுகிறவர் தோற்றுப்போவார், ககரத்தில் தேடுகிறவருக்கு வெற்றி. இத்தகைய வழக்குகளில் தேடுபலகையே நடுவர்: எந்த ஒலிப்பின் கீழ் பாட்டு பதிவாகியிருக்கிறதோ அதுதான் செல்லும். இந்த வேலையைப் பலகை குறையில்லாமல் செய்கிறது. லத்தீன் எழுத்தில் தலைப்பிட்ட பாட்டுகளையும் ஜப்பானிய ஒலிப்பை இட்டே தேடி எடுக்க முடிகிறது. ஷிரிதோரியில், தலைப்பின் இறுதியில் நெட்டொலிக் கோடு, அதாவது உயிரொலி நீள்வதைக் காட்டும் குறி, வந்தால், கோட்டுக்கு முந்திய எழுத்தைக் கொள்வதா, நீளும் உயிரைக் கொள்வதா என்பதை மட்டும் ஆடுகிறவர்களே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான சோதனை ரகர வரிசையில்தான் இருக்கிறது. தமிழில் ரகர லகரங்கள் சொல்லுக்கு முதலில் வாரா என்பதால் இராமனும் உலோகமும் முன்னே ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டதைப் போலவே, பழைய ஜப்பானியச் சொற்களும் ரகரத்தில் தொடங்குவதில்லை. ஆகவே அந்த எழுத்துகளில் கிடைக்கும் தலைப்புகளில் பெரும்பாலானவை சீனத்திலிருந்தோ மேலை மொழிகளிலிருந்தோ வந்த சொற்களால் ஆனவை. ஷிரிதோரியில் 'ன்' ஒலியில் முடியும் தலைப்பைச் சொன்னவர் தோற்றார் என்பது விதி; ஏனென்றால் அந்த ஒலியில் சொல் தொடங்காது. எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வரும் ரகரப் பாட்டுகளான யொனெசு கென்ஷியின் 'ரெமோன்' (2018), ஸ்பிட்ஸின் 'ரோபின்சோன்' (1995) ஆகிய இரண்டும் அந்த ஒலியில்தான் முடிகின்றன. அவசரப்பட்டவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இதை அறிந்த ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே 'ரு'வில் முடியும் தலைப்புகளைச் சேமித்து வைத்திருப்பார்கள். யோஆசோபியின் 'யோரு நி காகெரு' (2019) எங்கள் கூட்டத்தில் அப்படிப்பட்ட ஆயுதம். அதற்குத் தெராவோ அகிராவின் 'ரூபி நோ யுபிவா' (1981) நல்ல பதிலடி. அது 'வ'வில் முடிவதால் அடுத்தவருக்கும் பாடு எளிதாக இருக்காது. இனோவுவே யோசுயியின் 'ரிபாசைடு ஹோதெரு' (1982) இன்னும் கொடியது: 'ரி'யில் தொடங்கி மறுபடியும் 'ரு'விலேயே கொண்டுபோய் விடுகிறது. சக்காமோட்டோ கியூவின் 'உவே ஒ முயிதே அருகோ' (1961) ஜப்பானிய எழுத்தில் உகரத்தில் தொடங்கி உகரத்திலேயே முடிவதால், வாங்கிய எழுத்தை வாங்கியபடியே அடுத்தவரிடம் தள்ளிவிடலாம்.

அறை அமைப்பில் எனக்குள்ள பெரிய குறை வேறு. இந்த இயந்திரங்கள் அனைத்தும், ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் தங்கள் பாட்டை வரிசையில் போட்டு வைப்பார்கள் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. ஷிரிதோரியில் அப்படிப் போட்டு வைக்க வழியில்லை, பாடுகிறவரின் தலைப்பு தெரிந்த பிறகுதான் அடுத்தவர் தேடவே தொடங்குகிறார். வரிசை காலியானதும் திரை சும்மா இருப்பதில்லை; புதுப் பாடகர்களின் விளம்பரக் காணொளி உரத்த குரலில் ஓடத் தொடங்கி, யோசிக்கிறவரின் கவனத்தைக் கெடுக்கிறது. நான் போகும் கிளையில் அந்த ஒலியைத் தனியே அடக்க வழி தெரியாமல், மொத்த ஒலியையும் குறைத்துவிட்டு, பாட்டு தொடங்கும்போது மறுபடி ஏற்றிக்கொள்கிறோம். மதிப்பெண் போடும் வசதியை முதலிலேயே நிறுத்திவிடுவது நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னும் அந்த ஆர்ப்பாட்டத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் சரணம் முடிந்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்துவது மரியாதைக்குறைவு அல்ல என்று ஒப்பந்தம் செய்துகொண்டால் ஆட்டம் சுறுசுறுப்பாகிறது. பாடிய பாட்டுகளின் வரலாற்றைப் பலகை காட்டுவது, ஒரே பாட்டு இரண்டு முறை வந்ததா என்ற வழக்கை நொடியில் தீர்க்கிறது.

கட்டணம் ஆளுக்கு, அரை மணிக்கு என்று கணக்கிடப்படுகிறது. வார நாள் பகலில் குறைவு, வெள்ளி, சனி இரவுகளில் பல மடங்கு அதிகம், அதோடு ஆளுக்கொரு பானமும் வாங்கியாக வேண்டும். பாட்டைவிட யோசனைக்கே அதிக நேரம் போகும் விளையாட்டுக்கு அரை மணிக் கணக்கு கட்டுப்படியாகாது. எனவே, நேரக் கணக்கில்லாமல் ஒரே தொகையில் நெடுநேரம் இருக்கவிடும் 'ஃப்ரீ டைம்' திட்டத்தை, அதுவும் வார நாள் பகலில், எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அறை எடுக்கும்போதே முன்மேசையில் இரண்டாவது தேடுபலகை கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டபோது முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். ஒன்று பாடுகிறவரின் கையிலும் மற்றொன்று யோசிக்கிறவரின் கையிலும் இருந்தால், மேலே சொன்ன காத்திருப்பில் பாதி குறைந்துவிடும். பாடுவதற்காக மட்டும் போகிறவருக்கு இந்த நிலையத்தை ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுத்துப் பரிந்துரைப்பேன். முதலெழுத்து விளையாட்டுக்கென்றால், இரண்டாவது பலகை கிடைத்தால் மூன்று, கிடைக்காவிட்டால் இரண்டு.