டி-ஃபெண்ட் ரீலோடட்: ஆறு வருடப் பழக்கம்

பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில், ஆரம்பகால விளையாட்டு ஒன்றை முதன்முதலாகத் திறந்த அன்று, திரையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குள் என் மூன்று உயிரும் போய்விட்டன. 1983இல் வந்த விளையாட்டு அது. 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஐபிஎம் பிசிக்காக எழுதப்பட்டது. எழுதியவர்கள் அந்தக் கணினியின் மெதுவையே கடிகாரமாக நம்பிவிட்டார்கள். டாஸ்பாக்ஸ் இயல்பாகத் தரும் வேகம் 3000 சைக்கிள்ஸ் (வேகத்துக்கு அது வைத்திருக்கும் அளவு). அதை 300க்கு அருகில் இறக்கினால்தான் அந்த விளையாட்டின் பூதங்கள் நிதானத்துக்கு வருகின்றன. அதே 300இல் டூம் விளையாட்டைத் திறந்தால், ஒரு கதவு திறப்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம். அதற்கு 25,000 வரை ஏற்ற வேண்டியிருக்கிறது.

டாஸ்பாக்ஸுக்கு முகப்பாக நின்று விளையாட்டுகளைத் திறந்து தரும் லாஞ்சர் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். அட்டைப்படங்களை அழகாக வரிசையில் காட்டுவது இரண்டாம்பட்சம். எந்த விளையாட்டுக்கு என்ன வேகம், எந்த ஒலி அட்டை, எந்தக் கோப்புறை சி டிரைவ் ஆக வேண்டும் என்பதை எனக்குப் பதிலாக அது நினைவில் வைத்திருக்க வேண்டும். முதல் நான்கு மாதம் லாஞ்சர் இல்லாமல், கறுப்புத் திரையில், கோப்புறையை சி டிரைவ் ஆக்கும் மவுண்ட் கட்டளையை நானே தட்டிக்கொண்டிருந்தேன். கன்ட்ரோலும் எஃப்11ம் அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 என்றால் கூடும். ஒவ்வொரு முறையும் அழுத்தி அழுத்திச் சரியான இடத்தைப் பிடிப்பேன். மூடியதும் அது போய்விடும். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து.

பிறகுதான் டி-ஃபெண்ட் ரீலோடட் என்ற லாஞ்சருக்கு வந்தேன். விண்டோஸில் மட்டுமே ஓடும், இலவசம். டாஸ்பாக்ஸையும் தன்னோடு சேர்த்தே நிறுவிக்கொள்வதால் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. விளையாட்டு இருக்கும் கோப்புறையைக் காட்டினால் எந்த எக்ஸி கோப்பு விளையாட்டு, எது செட்டப் என்று கேட்டு, ஒரு ‘புரொஃபைல்’ உருவாக்கிக் கொடுக்கிறது. அதற்குள் போய் சைக்கிள்ஸ் பெட்டியில் 300 என்று எழுதிச் சேமித்தேன். அதன்பின் அந்த விளையாட்டின் வேகத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

தோற்றத்தில் அது அரசு அலுவலகத்துப் பதிவேடு மாதிரி. இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் பட்டியல், மேலே பொத்தான்கள். முதல் வாரம் எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. அந்தச் சலிப்பில் கண்ணைப் பறிக்கும் வேறொரு லாஞ்சருக்குத் தாவினேன், பெயர் வேண்டாம். சுவரொட்டி போல அட்டைப்படங்கள், பின்னணியில் இசை. ஆனால் அமைப்புகள் எல்லாவற்றையும் தனக்கு மட்டுமே புரியும் ஒரே கோப்பில் பூட்டி வைத்திருந்தது. ஒரு நாள் மின்சாரம் போய்க் கணினி அணைந்தது. மறுமுறை திறந்தபோது பட்டியல் காலி. விளையாட்டுகள் வட்டில் அப்படியே இருந்தன. நாற்பது விளையாட்டுக்கு நான் பார்த்துப் பார்த்து வைத்த அமைப்புகள்தான் போயின. காப்புப் பிரதி எடுக்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அன்றே பதிவேட்டுக்காரனிடம் திரும்பிவிட்டேன். இங்கே ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தனிக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். அந்தக் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. இதன் வளர்ச்சி நின்று பல வருடம் ஆகிறது. கூடவே வரும் டாஸ்பாக்ஸும் பழையது. 2019இல் வந்த 0.74-3 பதிப்பைத் தனியாக நிறுவி, அதைப் பயன்படுத்து என்று அமைப்பில் காட்டினேன்; சண்டித்தனம் செய்யாமல் ஏற்றுக்கொண்டது. இன்னொன்று, படம் அகலமாகப் பிதுங்குவது. அந்தக் கால விளையாட்டுகள் 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை, 4:3 திரையை நிரப்பும் கணக்கில். அப்படியே காட்டினால் எல்லோரும் குட்டையாகத் தெரிவார்கள். அகல உயர விகிதத்தைச் சரிசெய்யும் ஆஸ்பெக்ட் திருத்தத்தை இயக்கிய பிறகுதான் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் இளவரசன் எனக்குத் தெரிந்த உயரத்துக்கு வந்தான்.

லினக்ஸ் அல்லது மேக் வைத்திருப்பவர்களுக்கு டிபிஜிஎல் என்ற லாஞ்சர் பொருந்தும். ஜாவாவில் எழுதப்பட்டது, ஏறக்குறைய இதே சுபாவம். டாஸோடு பழைய டிவி கேம்களையும் ஒரே அலமாரியில் அடுக்க ஆசைப்பட்டால் லாஞ்ச்பாக்ஸ் நல்லது. டாஸ்பாக்ஸுக்கான முகப்பாகத்தான் அதுவும் பிறந்தது. தொலைபேசியில் விளையாட வேண்டுமானால் ரெட்ரோஆர்க் என்ற செயலிக்குள் ஓடும் டாஸ்பாக்ஸ் ப்யூர். ஜிப் கோப்பைப் பிரிக்காமலே திறக்கிறது, நாம் சேமிப்பதை வேறு கோப்பில் எழுதிக்கொள்கிறது. மூலக் கோப்பு கெடாது என்பது பெரிய நிம்மதி. ஜிஓஜி தளத்தில் காசு கொடுத்து வாங்கும் டாஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை டாஸ்பாக்ஸும் அமைப்புக் கோப்புகளும் சேர்ந்தே வருகின்றன, லாஞ்சரே தேவைப்படாது. அந்தக் கோப்புகளைத் திறந்து படித்தேதான் நான் பாதி விஷயம் கற்றேன். பழைய விளையாட்டு என்பதாலேயே இலவசம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டூம் விளையாட்டின் முதல் எபிசோட் மட்டும் ஷேர்வேர். அதைத் தாராளமாகப் பகிரலாம்.

போன மே விடுமுறையில் அண்ணன் மகன் வந்திருந்தான். தொண்ணூறுகளில் நான் கணினிப் பயிற்சி மையத்தில் வேர்ட்ஸ்டார் படிக்கப் போய், ஆசிரியர் தேநீருக்கு எழுந்ததும் திறந்த பிரின்ஸை அவனுக்குக் காட்டினேன். இரட்டைச் சொடுக்கு, முழுத்திரை, இசை. பத்தே நிமிடத்தில் ஆட்டம் மறைந்து விண்டோஸின் ஒட்டு விசை (ஸ்டிக்கி கீஸ்) பெட்டி வந்து நின்றது. பிரின்ஸில் வாளை எடுக்கவும், விளிம்பைப் பிடித்துத் தொங்கவும், மருந்து குடிக்கவும் ஷிஃப்ட் விசைதான். அதை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் விண்டோஸ் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறது. இதை எந்த லாஞ்சரும் தடுக்காது. விண்டோஸ் அமைப்பில் போய் அந்தக் குறுக்குவழியை அணைக்க வேண்டும்.

அணைத்துக் கொடுத்தேன். முதல் நிலையைத் தாண்டியதும் எழுத்து போட்ட குப்பிகள் வரிசையாக நின்றன.

“சித்தப்பா, எதைக் குடிக்க வேண்டும்?”

“அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். திருட்டு நகலைத் தடுக்க வைத்தது.”

“புத்தகம் எங்கே?”

புரொஃபைலில் குறிப்பு எழுத ஒரு பெட்டி இருக்கிறது. பிரின்ஸுக்கான பக்கம், வரி, சொல், எழுத்து எல்லாவற்றையும் எப்போதோ அதில் தட்டி வைத்திருந்தேன். திறந்து காட்டியதும், அதைப் பார்த்துச் சரியான குப்பியின் முன் போய் நின்று ஷிஃப்டை அழுத்தினான்.