கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு எட்டு வாரம் எதைப் போடுவது?

ராத்திரி வீடு அடங்கியபிறகு 'சளப் சளப்' என்று ஒரு சத்தம் வரும். எங்கள் செல்லி முன்னங்காலை நக்கிக்கொண்டிருப்பாள். வெளிர்மஞ்சள் லாப்ரடார். விரல் இடுக்கில் மட்டும் முடி துருப்பிடித்தமாதிரி சிவந்திருக்கும், எச்சில் பட்டுப் பட்டு ஏறிய நிறம். காது மடலைத் தூக்கினால் புளித்த மாவு வாசம். சொட்டு மருந்து விட்டால் அடங்கும், கொஞ்ச நாளில் திரும்பி வரும். கோடை, மழை, பனி என்று காலம் பார்த்துக் குறைந்ததே இல்லை.

நாய்க்கு அரிப்பு என்றால் நம் ஊரில் முதல் சந்தேகம் உண்ணி, தெள்ளுப்பூச்சி மேல்தான் போகவேண்டும். டாக்டர் அதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு வந்தார். இதற்கென்று ரத்தப் பரிசோதனையும் எச்சில் பரிசோதனையும் விற்கிறார்கள். சாப்பாட்டு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இரண்டையுமே நம்பமுடியாது. இருக்கிற வழி ஒன்றுதான்: நாய் இதுவரை தொடாத புரதத்தையோ, உடம்பால் அடையாளம் காணமுடியாதபடி உடைத்த புரதத்தையோ மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. சாப்பாடுதான் காரணம் என்றால் பல நாய்களுக்கு ஐந்தாவது வாரத்திலேயே அரிப்பு தணியும். எட்டு வாரம் பொறுத்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்துவிடும்.

எது ஒத்துக்கொள்ளாமல் போகிறது? 2016இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு 297 நாய்களின் விவரத்தைக் கூட்டிப் பார்த்தது. மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. பன்றி, மீன், அரிசி ஆகியவை ஒவ்வொன்றும் 2 சதவீதம்தான். மாட்டிறைச்சி முதலிடத்தில் இருப்பதைப் பார்த்து நாம் நிம்மதி அடைய முடியாது. நாய் எதைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்ததோ அதற்குத்தான் அலர்ஜி வரும். நம் வீடுகளில் அது கோழிச்சோறு, தயிர்சாதம், பிஸ்கட். "இத்தனை வருஷமா இதைத்தானே சாப்பிடுது" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அதனால்தான் இப்போது வந்திருக்கிறது என்பதே.

சரி, எதைப் போடலாம்?

முதல் வழி, டாக்டர் எழுதித்தருகிற ஹைட்ரோலைஸ்டு தீவனம். புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துவிடுவதால் உடம்பின் எதிர்ப்பு சக்திக்கு அது இன்னதென்று பிடிபடாது. ராயல் கேனின் ஹைபோஅலர்ஜெனிக் முக்கியமாகச் சோயாவை உடைத்துச் செய்தது, ஹில்ஸ் இசட்/டி கோழி ஈரலை உடைத்துச் செய்தது. இந்த வித்தியாசம் முக்கியம். அப்படி உடைத்தாலும் கோழிக்கு அலர்ஜி உள்ள சில நாய்களுக்கு அந்தத் துண்டுகளே போதும், அரிப்பைக் கிளப்பிவிடும். கோழி மேல் சந்தேகம் என்றால் சோயா வகையைக் கேட்டு வாங்குவேன். சத்துக் கணக்கை நாம் பார்க்கவேண்டியதில்லை என்பது பெரிய வசதி. இடிப்பது விலை. பெரிய நாய்க்கு ஒரு நாளைக்கு 300 கிராம் என்றாலே எட்டு வாரத்துக்குப் பதினேழு கிலோ ஆகிறது. பத்து கிலோவுக்குக் குறைந்த சின்ன நாய் என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம், இதுதான் நல்லது.

இரண்டாவது, வீட்டுச் சமையல். ஒரு புதுப் புரதம், ஒரு மாவுச்சத்து, அவ்வளவுதான். இதில் எந்தக் கறி 'புதுசு' என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கோழி ஆகாத நாய்க்குக் காடையும் வாத்தும் சொந்தக்கார உறவு, அவையும் ஆகாமல் போகலாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அப்படித்தான். பிரியாணி எலும்பைக் கடித்து வளர்ந்த நாய்க்கு ஆட்டுக்கறி எப்படிப் புதிதாகும்? செல்லி தொடாதது பன்றி ஒன்றுதான். கொழுப்பில்லாத துண்டாக வெட்டச் சொல்லி வாங்குவேன், மிஞ்சிய வெள்ளையையும் வீட்டில் சீவி எடுப்பேன். கொழுப்பு ஏறினால் கணையம் வீங்கிவிடலாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கோடு சேர்த்து நன்றாக வேகவிடுவேன். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம், அதனால் இவளுக்கென்று தனிக் குக்கர், தனிக் கரண்டி.

செலவு குறைவு, நாயும் ஆசையாகச் சாப்பிடும். ஆனால் சத்து குறையும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசி 2013இல் வெளியிட்டார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஓர் அவசியச் சத்தாவது குறைந்திருந்தது. வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளர்ந்த நாய் டாக்டர் மேற்பார்வையில் எட்டு வாரம் தாங்கும், கால்சியம் பொடியும் அவர் எழுதித் தருவார். குட்டிக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம், எலும்பு வளர்கிற வயது.

மூன்றாவது, கடையில் கிடைக்கும் 'தானியம் இல்லாதது', 'ஆட்டுக்கறி–அரிசி' பைகள். சோதனைக்கு இதை நான் சொல்லமாட்டேன். முன்பக்கம் ஆட்டுப்படம் போட்ட ஒரு பையை வாங்கி வந்து, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் நாலாவது வரியில் கோழிக்கொழுப்பு. எழுதாத இறைச்சி கலந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஒரே இயந்திரத்தில் பல தீவனங்கள் ஓடினால் கலக்கத்தான் செய்யும். தானியத்தை விலக்குவதும் குறி தப்பிய வேலை, பெரும்பாலும் பிரச்சினை கறியிலோ பாலிலோதான். பருப்பு வகைகள் அதிகம் உள்ள தானியமில்லாத தீவனங்களுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் விசாரணையே தொடங்கியது.

தயிர்சாதத்தைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. பால் இரண்டாமிடத்தில் இருக்கிறது, புரதமும் போதாது.

நான் எடுத்தது பன்றியும் கிழங்கும். முதல் முயற்சி ஐந்தாவது வாரத்தில் வீணாய்ப்போனது. அரிப்பு குறையவே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "பாவம்டா, வாயையே பாத்துக்கிட்டு நிக்குது. அரை பிஸ்கட்தான் போட்டேன்" என்றார். அந்த அரை பிஸ்கட்டில் கோதுமையும் பாலும் இருந்தன. அதோடு உண்ணிக்கு நான் கொடுத்த மெல்லும் மாத்திரையிலும் இறைச்சிச் சுவை சேர்த்திருந்தார்கள். அது என் தவறு. கழுத்தில் விடும் சொட்டு மருந்துக்கு மாறி, முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணினோம்.

அதனால் யாராவது கேட்டால், நாயின் எடையை அப்புறம் கேட்கிறேன், வீட்டில் எத்தனை பேர் கை அதன் வாய்க்குப் போகிறது என்று முதலில் கேட்கிறேன். குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள வீடு, முடிந்த வசதி என்றால் ஹைட்ரோலைஸ்டு தீவனமே மேல். அன்றைய பங்கில் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டுப் பாட்டி கையில் கொடுத்துவிடலாம். அவருக்கும் கொடுத்த திருப்தி, நாய்க்கும் கேடில்லை. எங்கள் வீட்டில் இரண்டாம் முறை வெந்த கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கி அம்மாவிடம் கொடுத்தேன்.

ஏழாவது வாரம் காதில் வாசம் இல்லை. விரல் இடுக்கில் புது முடி வெளிர்மஞ்சளாகவே வந்தது. எட்டு வாரம் முடிந்ததும் டாக்டர் சொன்னபடி பழைய கோழிச்சோற்றை வைத்தேன். அதைச் செய்யாவிட்டால் குணமானது சாப்பாட்டாலா, வேறு எதனாலா என்று உறுதியாகாது. இரண்டு வாரம் வரை பார்க்கச் சொல்லியிருந்தார். மூன்றாம் ராத்திரியே அந்தச் 'சளப் சளப்' கேட்டது. மறுநாள் காலையில் குக்கரில் மறுபடி பன்றியும் கிழங்கும் ஏறின. இப்போது கால்சியத்தோடு துத்தநாகம், அயோடின் அளவுகளையும் டாக்டர் கணக்குப் போட்டு எழுதித் தந்திருக்கிறார்.