வெலிமடை ரோட்டுத் தவறணையில் பினரக் கன்று: நம்பி வாங்கலாம்

நுவரெலியாவில் பூக்கன்று விற்கிற கடைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எங்கே போனாலும் ஜெரேனியம், ஹைட்ரேன்ஜியா, ரோசா என்று வெளிநாட்டுச் செடிதான். இலங்கையை விட்டால் வேறெந்தக் காட்டிலும் பார்க்க முடியாத பினரப் பூவை யாரும் வைத்திருப்பதில்லை. ஹக்கல பூங்காவைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கும் ரோட்டில் ஒரு சின்ன நாற்றுத் தவறணை இருக்கிறது, அங்கே கிடைக்கிறது. கன்று 350 ரூபா.

எனக்குப் பிடித்த விசயம், இவர்கள் புல்வெளியில் பிடுங்கிவந்து விற்கவில்லை. பினர விதை வெறும் தூள். அதை ஈரமண்ணின் மேல் தூவி, மண் போட்டு மூடாமலே முளைக்க வைக்கிறார்கள். நாற்றுத் தட்டைக் காட்டச் சொன்னேன், கடை ஐயா தயங்காமல் எடுத்துக் காட்டினார், அவ்வளவு சின்ன நாற்றிலேயே இலையில் மூன்று நரம்பு நீளமாக ஓடுவது தெரிந்தது. இந்தப் பூ வளருகிற ஹோர்ட்டன் சமவெளி 1988இலேயே தேசிய பூங்காவாகிவிட்டது, அங்கே ஒரு செடியில் கை வைக்கக்கூடாது. அப்படியிருந்தும் காட்டில் பிடுங்கிய கன்றை வேர் அறுந்தபடியே விற்கிற ஆட்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இது மலைப் புல்வெளியிலும் ரோட்டோர மண்திட்டிலும் திறந்த வெளிச்சத்தில் வளருகிற பூ. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. தேயிலைக்குச் சரிப்பட்டு வருகிற புளிப்பு மண் இதற்கும் சரி, அதனால் சுண்ணாம்புத் தூள் பக்கமே போகாதீர்கள். உரம் பற்றிக் கேட்டதற்கு, "உரத்தைக் கொட்டினீங்கன்னா இலையைத்தான் பாப்பீங்க, பூவைப் பாக்க மாட்டீங்க தம்பி" என்றார். பைமண்ணோடு அப்படியே இறக்கி, வேரைக் கலைக்காமல் நட்டேன், எல்லாம் பிடித்துவிட்டன.

செப்டம்பர் வாக்கில் பூத்தபோது பக்கத்தில் குந்திப் பார்த்தேன். ஊதாவும் நீலமும் கலந்த ஐந்து இதழ், நடுவில் தடித்த மஞ்சள் மகரந்தப்பைகள். அவை வெடித்துத் திறப்பதில்லை, நுனியில் சின்னத் துளை மட்டும்தான், பெரிய தேனீ ஒன்று வந்து கட்டிப்பிடித்து விர்ரென்று உடம்பை அதிரவைத்தால்தான் தூள் வெளியே வரும். மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள், பூ நேரத்தில் மருந்து அடித்தால் தேனீ வராது, விதையும் பிடிக்காது.

குறை என்றால், பையில் பேர் எழுதி ஒட்டுவதில்லை, வளர்க்கும் முறையை நாமேதான் கேட்டு வாங்க வேண்டும். கொழும்புக்கு அனுப்பச் சொன்னாலும் அனுப்ப மாட்டார்கள், அது எனக்குச் சரியாகத்தான் படுகிறது, அந்தச் சூட்டில் இந்தச் செடி வதங்கிப் போகும். பண்டாரவளைக்குக் கீழே இருப்பவர்கள் வாங்கும் முன் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், போகும்போது சில்லறைக் காசு கொண்டு போங்கள், கார்ட் எடுப்பதில்லை.