1971-இன் ஐந்து பைசா அகதி நிவாரண அஞ்சல்தலை: ஒரு சேகரிப்பாளரின் மதிப்பீடு

சென்னையில் பழைய அஞ்சல்தலைகள் விற்கும் சிறிய கடையொன்றில், சென்ற மாதம் அகதி நிவாரணத் தலைகள் ஏழும், அத்தலை ஒட்டப்பட்ட உறை ஒன்றும் வாங்கினேன். தலைகளின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாது. உறைக்கு மட்டும் சற்றுக் கூடுதலாகக் கேட்டார்கள், அது நியாயமே.

1971 மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) பாகிஸ்தான் இராணுவத்தின் தாக்குதல் தொடங்கியபின் எல்லை தாண்டி வந்தவர்களின் எண்ணிக்கை, ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியது; திரிபுராவில் வந்தவர்கள் உள்ளூர் மக்கள்தொகையை நெருங்கினார்கள். அவர்களைப் பராமரிக்கும் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்ட, நவம்பர் 15 முதல் அஞ்சலில் ஐந்து பைசா கூடுதல் வரி விதிக்கப்பட்டது. சாதாரண உறைக்கு அஞ்சல் கட்டணமே 20 பைசாவாக இருந்த காலத்தில், கடிதம் எழுதியவர் அதில் கால் பங்கை அகதிகளுக்காகச் சேர்த்துக் கொடுத்தார்.

தனித் தலை டிசம்பர் 1 அன்றுதான் வெளிவந்தது. அதுவரை, புழக்கத்திலிருந்த ஐந்து பைசா குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மீதே 'அகதி நிவாரணம்' என்ற பொருளில் மேலச்சிட்டு ஒப்பேற்றினார்கள். நாசிக்கில் அச்சானவை ஒரு விதம். பெங்களூர், ஜெய்ப்பூர் போன்ற இடங்களில் இட்டவை வேறு விதம். மை சில தலைகளில் கசிந்திருக்கிறது, சிலவற்றில் எழுத்து சாய்ந்திருக்கிறது. அளவான குடும்பமே நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்த தலையின் மீது வீடிழந்த குடும்பங்களின் பெயரால் கறுப்பு மை விழுந்திருப்பதை, வடிவமைப்பாளர் எவரும் திட்டமிட்டிருக்க முடியாது. டிசம்பரில் வந்த தலை நேர்த்தியானதுதான். ஆனாலும் எனக்கு அவசரத்தில் பிறந்த இந்த மேலச்சே உயர்வாகப்படுகிறது.

இதை நான் நன்கொடைச் சீட்டாகப் பார்ப்பதில்லை. நன்கொடை என்றால் விரும்பியவர் கொடுப்பார், மற்றவர் நகர்ந்துவிடுவார். வரி என்றால், அயல்நாட்டுப் போரில் அடிபட்ட பொதுமக்களுக்கு உதவுவது தன் கடமை என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டு, அதன் சுமையை எல்லைக்கு வெகுதொலைவில் இருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், தம் அரசு இப்படுகொலைகளைக் கண்டிக்கத் தவறியதை எதிர்த்து ஏப்ரலில் வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். நிக்சன் அரசோ பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானுக்குத் துணைநிற்பதைக் கைவிடவில்லை. அந்த மௌனத்தோடு ஒப்பிட்டால் ஐந்து பைசா பெரிய தொகை. இந்தியாவுக்கு இதில் அரசியல் கணக்கும் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கணக்கு இருந்ததாலேயே முகாமில் விழுந்த அரிசி பொய்யாகிவிடாது.

குறை இரண்டு. போர் டிசம்பர் 16-இல் முடிந்து, அடுத்த சில மாதங்களிலேயே பெரும்பாலானோர் ஊர் திரும்பிவிட்டார்கள். வரியோ 1973 மார்ச் 31 வரை நீடித்தது. கடமைக்காகத் தொடங்கிய வசூலை அது முடிந்த அன்றே நிறுத்தும் வழக்கம் நம் நிதித்துறைக்கு அன்றும் இல்லை போலும். மற்றொன்று வாங்குபவருக்கு உரியது: மேலச்சு இடப்படாத பழைய தலை மலிவாகக் கிடைப்பதால், ரப்பர் முத்திரை செய்யத் தெரிந்த எவரும் போலி தயாரித்துவிடலாம். முன்பு வேறொருவரிடம் வாங்கிய இரண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, மேலச்சின் மை அஞ்சல் முத்திரைக்கு மேலே படிந்திருந்தது. அதாவது தலை பயன்பட்டு முடிந்தபின் இட்ட அச்சு.

எனவே, தேதி தெளிவாகத் தெரியும் உறையோடு சேர்த்தே வாங்குங்கள். 1971 நவம்பர் 15-க்கும் டிசம்பர் 1-க்கும் இடைப்பட்ட தேதி என்றால் கூடுதல் விலை கொடுக்கலாம். என் உறையில் நவம்பர் 27 என்று இருக்கிறது. அடுத்த வாரம் பெங்களூர் மேலச்சு சில வருமென்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார், பூதக்கண்ணாடியோடுதான் போகப்போகிறேன்.